பேட்டர்னுக்குக் காசு எதற்கு என்று கேட்பவர்களுக்கு...

ஊசியும் நூலும் புழங்குகிற வீடுகளில் இப்போது அடிக்கடி நடக்கும் வாக்குவாதம் ஒன்று உண்டு. ஒரு குரோஷா மேஜை விரிப்புக்கோ, குழந்தை ஸ்வெட்டருக்கோ, ஒரு கவுனுக்கோ இணையத்தில் பேட்டர்ன் விற்கிறார்கள். விலை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கலாமா என்று ஒருத்தி வாயைத் திறந்தால் போதும், நாலு பேர் சேர்ந்து சிரிப்பார்கள். "ஏட்டி, யூடியூப்ல எல்லாம் சும்மா கிடக்கு. ஒரு பேப்பருக்கு முந்நூறு ரூவாயா? ஒனக்கென்ன கோட்டியா?"

பேட்டர்ன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. துணி வெட்டுவதற்காகக் காகிதத்தில் அளவோடு வரைந்த வடிவம் தையல் பேட்டர்ன். எந்த வரிசையில் எத்தனை கண்ணி, எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்று எழுதி வைத்த குறிப்பு பின்னல் பேட்டர்ன். இரண்டும் காகிதம்தான். இப்போது அந்தக் காகிதம்கூட இல்லை, வெறும் பிடிஎஃப்.

அதனால்தான் சிரிப்பு வருகிறது. நூலுக்குக் காசு கொடுப்பது நியாயம். ஊசிக்குக் கொடுப்பது நியாயம். மிஷினுக்குத் தவணை கட்டுவதும் நியாயம். கையில் பிடித்துப் பார்க்க முடியாத ஒன்றுக்குக் கொடுத்தால் மட்டும் ஏமாளி. இந்தக் கணக்கு தப்பு. எங்கே தப்பு, யாருக்கு நஷ்டம் என்று பார்க்கும் முன் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விற்கிற பேட்டர்ன் எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கவும் வேண்டியதில்லை. சில வேலைகளுக்குப் பேட்டர்ன் வாங்குவது சுத்த வீண். எது எது என்பது கீழே வருகிறது.

"நம்மூர்ல அந்தப் பழக்கமே இல்லையே!"

முதலில் சொல்லப்படுகிற வாதம் இது. பேட்டர்ன் வாங்குவது வெள்ளைக்காரப் பழக்கமாம். நம் பெண்கள் கண்ணால் பார்த்துக் கையால் செய்துவிடுவார்களாம்.

அப்படியானால் மார்கழி பிறக்கும்போது கோவில் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் விற்கிற கோலப் புத்தகம் என்ன? 15 புள்ளி, 15 வரிசை, நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று போட்டுப் பக்கத்துக்கு ஒரு கோலமாக அச்சடித்து விற்கிறார்களே, அது பேட்டர்ன் புத்தகம் இல்லாமல் வேறென்ன? விலை குறைவு, தாள் மட்டம். ஆனால் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். வாசலில் ஒரு நாள் இருந்துவிட்டு மறுநாள் சாணித் தண்ணீரில் போகிற கோலத்துக்கே பேட்டர்ன் வாங்கிய ஊர் இது.

தையலிலும் அப்படியே. பிளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது துணியோடு ஒரு பழைய ஜாக்கெட்டும் போகுமே, அந்த அளவு ஜாக்கெட்தான் நம்மூர் பேட்டர்ன். காகிதத்துக்குப் பதில் துணி, அவ்வளவுதான். தையல் வகுப்புக்குப் போனவர்களைக் கேட்டால் பிரவுன் பேப்பரில் சின்னச் சின்னதாக வெட்டி நோட்டில் ஒட்டிய ஜட்டி, கவுன், பாவாடை, பிளவுஸ் எல்லாவற்றையும் பரண் மேலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். அந்த நோட்டை யாரும் எடைக்குப் போடுவதில்லை. அதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியும்.

ஆக, பேட்டர்ன் நம்மூருக்குப் புதிதல்ல. அதை எழுதியவளுக்குக் காசு கொடுப்பதுதான் புதிதாகத் தெரிகிறது.

அந்தக் காகிதத்தில் என்னதான் இருக்கிறது?

1863-ஆம் ஆண்டு அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் காகித பேட்டர்ன் விற்க ஆரம்பித்தார். அதற்கு முன்பும் பத்திரிகைகளில் பேட்டர்ன் வந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரே அளவில் வரும். அதைத் தன் உடம்புக்குப் பெரிதாக்குவதும் சின்னதாக்குவதும் வாங்கியவர் தலைவலி. பட்டரிக் செய்தது ஒன்றே ஒன்று. அதே சட்டையைப் பல அளவுகளில் வரைந்து தனித்தனியாக விற்றார். தொழிலே அங்கேதான் பிறந்தது. ஜனங்கள் காசு கொடுத்தது காகிதத்துக்கு என்றால், ஒரே அளவுக் காகிதத்தோடு நின்றிருப்பார்கள். கணக்குப் போட்டுக் கொடுத்ததற்குத்தான் கொடுத்தார்கள்.

அந்தக் கணக்கு சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு ஸ்வெட்டரை எடுத்துக்கொள்ளட்டும். மார்புச் சுற்று 36 அங்குலம். ஒரு அங்குலத்துக்கு 5 கண்ணி வருகிறது என்றால் 180 கண்ணி போட வேண்டும். இப்போது அதே 180 கண்ணியைக் கொஞ்சம் இறுக்கிப் பின்னுகிற பெண் போடுகிறாள். அவள் கைக்கு அங்குலத்துக்கு ஐந்தரைக் கண்ணி. 180-ஐ ஐந்தரையால் வகுத்துப் பாருங்கள், 33 அங்குலம்கூட வராது. அரைக் கண்ணி வித்தியாசத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் போய்விட்டது! பின்னி முடித்துத் தலையில் மாட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். அதற்குள் ஒரு மாதம் ஓடியிருக்கும்.

நல்ல பேட்டர்ன் முதல் பக்கத்திலேயே இதைச் சொல்லிவிடும். இந்த நூல், இந்த ஊசி, நாலு அங்குலச் சதுரம் ஒன்று பின்னிப் பார், இத்தனை கண்ணி வராவிட்டால் ஊசியை மாற்று என்று எச்சரிக்கும். அதன்பிறகு எட்டு சைஸுக்குக் கழுத்து, தோள், கை வளைவு, கை நீளம் என்று போட்டிருப்பார்கள். சைஸுக்குப் பத்து அளவு என்றாலே எண்பது எண்கள். எண்பதும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கை வளைவின் சுற்றளவும் அதில் போய் உட்காருகிற கையின் தலைப்பகுதியும் ஒத்துவரவில்லை என்றால் தோளில் சுருக்கம் விழும். எழுதியவள் பின்னிப் பார்த்து, பிரித்து, மறுபடி பின்னி, பிறகு வேறு நாலு பேரிடம் கொடுத்துப் பின்னச் சொல்லி, அவர்கள் கண்டுபிடித்த தப்பைத் திருத்திய பிறகுதான் அது விற்பனைக்கு வருகிறது.

ஒரு பெரிய சால்வை பின்ன 40 மணி நேரம் என்று வைத்தால், 300 ரூபாய் பேட்டர்ன் மணிக்கு ஏழரை ரூபாய். திருநெல்வேலியில் ஒரு டீக்கே அது பத்தாது. நாற்பது மணி நேர வேலை கோணிப் போகாமல் இருக்க ஏழரை ரூபாய் அதிகம் என்று சொல்பவர்கள், தங்கள் நாற்பது மணி நேரத்துக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும். பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். பிரச்சினையின் வேரே இந்தப் பூஜ்யம்தான்.

சும்மா கிடைப்பது சும்மா இல்லை

"இலவசமாக ஆயிரம் பேட்டர்ன் கிடைக்கிறதே?" கிடைக்கிறது. யார் கொடுக்கிறார்கள், ஏன் கொடுக்கிறார்கள்?

இதற்குப் பதில் தாமிரபரணிக் கரையிலேயே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் மலையடிவாரத்தில், ஆற்றுத் தண்ணீர் விழுகிற வேகத்தைக் கொண்டே ஓடுகிற பஞ்சாலையை ஆரம்பித்தார்கள். விக்கிரமசிங்கபுரம் என்ற ஊர் வளர்ந்ததே அந்த ஆலையைச் சுற்றித்தான். ஹார்வி ஆலைகளின் வழிவந்த நிறுவனம் 1974-இல் தையல் நூலுக்குப் பேர்போன ஜே அண்ட் பி கோட்ஸ் தொழிலோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது.

அந்தக் கோட்ஸ் நிறுவனம் மேல்நாட்டில் பல பத்தாண்டுகளாகச் செய்த ஒரு வேலை, குரோஷா பேட்டர்ன் புத்தகங்களை மலிவு விலைக்கு வெளியிட்டது. எதற்காக? நூல் விற்க. அந்தப் புத்தகத்தில் உள்ள மேஜை விரிப்பைப் போட வேண்டுமானால் இத்தனை உருண்டை நூல், இந்த எண், இந்த ரகம் என்று எழுதியிருக்கும். பேட்டர்னில் விட்ட காசை நூலில் எடுத்தார்கள். வியாபாரத்தில் இதைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் பேட்டர்ன் சும்மா வந்தது என்றும் சொல்ல முடியாது. அதன் விலை நூல் உருண்டைக்குள் இருந்தது.

இன்றைக்கு நூல் கம்பெனிகள் இணையத்தில் இலவசமாகக் கொடுக்கிற பேட்டர்ன்களும் அதே வகைதான். யூடியூப் வீடியோவில் விலை விளம்பரமாக வருகிறது. இன்னொரு விலையும் உண்டு. இருபது நிமிட வீடியோவில் பதினேழாவது வரிசை எங்கே என்று தேடி, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்து, அடுப்பில் பால் பொங்கி... அந்த நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பூஜ்யம் போட்டாயிற்றே!

இலவசத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் கம்பெனி கொடுக்கிற இலவசத்தைக் காட்டி, தனியாக உட்கார்ந்து பேட்டர்ன் எழுதி விற்கிற ஒரு பெண்ணைப் பார்த்து "நீயும் சும்மா கொடு" என்று கேட்பதில் நியாயமில்லை. அவளிடம் விற்க நூல் ஆலை கிடையாது. அந்த எண்பது எண்கள் மட்டும்தான் உண்டு.

எதற்கு வாங்கக் கூடாது?

பிளவுஸுக்கு வாங்கக் கூடாது. திருநெல்வேலியில் வீட்டுத் தையல் என்றால் முக்கால்வாசி பிளவுஸ்தான் என்பதால் இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

மேல்நாட்டுச் சட்டை பேட்டர்னில் உடம்பளவுக்கு மேல் இரண்டு மூன்று அங்குலம் தளர்வு சேர்த்தே வரைந்திருப்பார்கள். சேலை பிளவுஸ் அப்படி இல்லை. உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும், கையைத் தூக்கினால் மேலே ஏறக் கூடாது, கொக்கி தெறிக்கக் கூடாது. கால் அங்குலம் பிசகினாலும் தெரியும். 36 சைஸ் என்று போட்டு விற்கிற காகிதம் 36 சுற்றளவுள்ள எல்லாப் பெண்களுக்கும் எப்படிப் பொருந்தும்? ஒருத்திக்குத் தோள் அகலம், ஒருத்திக்கு முதுகு வளைவு, ஒருத்திக்கு மேல்கை பருமன்.

அளவு ஜாக்கெட்டும் முழுத் தீர்வு இல்லை. பலமுறை துவைத்து இழுபட்டது. பழைய தையல்காரர் செய்த தப்பும் அதிலேயே இருக்கும். அதை வைத்து வெட்டினால் அந்தத் தப்பு அடுத்த ஜாக்கெட்டுக்கும், அங்கிருந்து அதற்கடுத்ததுக்கும் பரம்பரைச் சொத்து மாதிரி போய்க்கொண்டே இருக்கும். பத்து வருஷமாக ஒரே இடத்தில் இடது அக்குள் இழுக்கிறது என்று புலம்புகிறவர்கள் வீட்டில் கொடியில் தொங்குகிற அளவு ஜாக்கெட்டைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

இதற்கு ஒரே வழி, அளவெடுத்து வரையக் கற்றுக்கொள்வது. உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கைச் சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து என்று எட்டு அளவு. மார்பில் நாலில் ஒரு பங்கு எடுத்துத் தையலுக்கு விட்டு வரைவது, டாட் எங்கே பிடிப்பது, கை வளைவை முன்னும் பின்னும் ஏன் வேறுவேறாக வெட்டுவது என்று புரிந்துவிட்டால் அவளே பேட்டர்ன். உடம்பு மாறினாலும் வரைந்துகொள்ளலாம். லைனிங் போடலாம், போடாமல் விடலாம். பிரின்சஸ் கட்டோ கட்டோரியோ எது வந்தாலும் பயமில்லை.

அரசாங்கத்துக்கே இது தெரியும். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் மிஷின் கொடுக்கிறது. அதற்கு விண்ணப்பிப்பவர்களிடம் தையல் தெரியும் என்பதற்கான சான்றும் கேட்கிறார்கள். மிஷின் மட்டும் இருந்து வெட்டத் தெரியாவிட்டால் அது வீட்டில் துணி போட்டு வைக்கிற ஸ்டாண்டு ஆகிவிடும்.

ஆனால் இங்கேயும் காசு கொடுக்கத்தான் வேண்டும். யாருக்கு? வரையக் கற்றுக் கொடுக்கிற அக்காவுக்கு. திண்ணையில் மிஷினைப் போட்டு வைத்துக்கொண்டு மாதச் சம்பளத்துக்கு நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறவளிடம் போய் "பக்கத்து வீடுதானே, சும்மா ரெண்டு நாள் காட்டிக் குடுங்களேன் மதினி" என்று கேட்கிற வழக்கம் இருக்கிறதே, அது பிடிஎஃப் திருட்டைவிட மோசம். பிளவுஸ் பேட்டர்ன் வாங்காதே என்பதன் மறுபாதி, கற்றுத் தருகிறவளுக்குக் கூலி கொடு என்பது.

இடையன்குடியில் இருந்து ஒரு பாடம்

இந்தப் பூஜ்யக் கணக்கு எங்கிருந்து வந்தது? வீட்டில் உட்கார்ந்து பெண் செய்கிற கைவேலை, வேலையே அல்ல, பொழுதுபோக்கு என்ற நினைப்பில் இருந்து. நெல்லைச் சீமையின் லேஸ் கதை இதற்கு நல்ல உதாரணம்.

1819-இல் சார்லஸ் மால்ட் என்ற லண்டன் மிஷன் பாதிரியாரும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், அதோடு லேஸ் பின்னவும் கற்றுக் கொடுத்தார். அவர் மகள் எலைசாவை 1844-இல் ராபர்ட் கால்டுவெல் கல்யாணம் செய்துகொண்டார். ஆமாம், 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். தாமிரபரணியின் வயல் பச்சை முடிந்து, தெற்கே செம்மண் தேரியும் பனங்காடுமாக இருக்கிற இடையன்குடிதான் அவர்கள் ஊர். அம்மாவிடம் கற்ற லேஸை எலைசா இடையன்குடிப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்.

அந்த லேஸ் எப்படிப் பின்னப்படுகிறது என்று தெரிந்தால் பேட்டர்ன் என்றால் என்ன என்பது புரிந்துவிடும். இறுக்கி அடைத்த ஒரு தலையணை. அதன் மேல் ஓட்டை ஓட்டையாகக் குத்திய ஒரு கனமான அட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் குண்டூசி. நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக் கட்டைகள், சில வேலைகளுக்குப் பல டஜன். கட்டைகளை ஒன்றன் மேல் ஒன்று தாண்டி, முறுக்கி, ஊசியைச் சுற்றி நூலை ஓட்ட வேண்டும். அந்த அட்டைதான் பேட்டர்ன். அட்டை இல்லாமல் எவ்வளவு கெட்டிக்காரியாலும் அந்த லேஸை ஆரம்பிக்கக்கூட முடியாது. ஓர் ஓட்டை இடம் மாறினால் பூ கோணிவிடும்.

இந்த வேலைக்கு என்ன மதிப்பு இருந்தது? நாகர்கோவில் பள்ளியில் லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் அடிமைத்தனத்தில் இருந்து விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்பிள்ளைகள் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே சில பெண்கள் ஊசியாலும் நூலாலும் அதை ஒழித்துக்கொண்டார்கள். பொழுதுபோக்காம்! விடுதலையையே வாங்கிக் கொடுத்த தொழிலைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஊருக்குக் கலையைக் கொண்டுவந்த துரைசானிகளின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த அட்டைகளைப் புதிதாகக் குத்தி, ஒரு பூவை மாற்றி, ஒரு ஓரத்தைத் திருத்திப் பின்னிய பெண்களில் எத்தனை பேருடைய பெயர் யாருக்காவது தெரியும்? லேஸுக்குக் கூலி கிடைத்தது. யோசித்ததற்குப் பெயரும் கிடைக்கவில்லை.

இது இடையன்குடியோடு முடிகிற கதையும் இல்லை. ஆந்திராவில் கோதாவரிக் கழிமுகத்தில் நரசாப்பூர் பக்கம் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து குரோஷா லேஸ் போடுவார்கள். அது வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆகும். மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அவர்களைப் பற்றி 1982-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: நாள் முழுக்கச் சமையலுக்கும் குழந்தைக்கும் நடுவே பல மணி நேரம் லேஸ் போடுகிற பெண்களை ஊர் "சும்மா வீட்டில் இருக்கும் இல்லத்தரசிகள்" என்றது. ஓய்வு நேரத்தில் ஏதோ போடுகிறார்கள் என்றது. அந்த லேஸை வாங்கி விற்கிற ஆண்களை மட்டும் வியாபாரி, ஏற்றுமதியாளர் என்றது. வேலை என்று ஒப்புக்கொள்ளாததால் கூலியும் அடிமாட்டுக் கூலி.

"பேட்டர்னுக்குக் காசா?" என்கிற சிரிப்பும் அதே வாயில் இருந்து வருவதுதான். வீட்டில் இருந்தபடி ஒரு பெண் யோசித்தது, கணக்குப் போட்டது, பிரித்துப் பின்னியது எல்லாம் "சும்மா" செய்தது. சும்மா செய்ததைச் சும்மா கொடுத்தால் என்ன?

பகிர்வதும் திருடுவதும்

இதற்கு எதிராக நேர்மையான ஒரு வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கைவேலை எப்போதும் பகிர்ந்துதான் வளர்ந்திருக்கிறது. ஒயர் கூடையில் சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு என்று போடுகிறார்களே, அதையெல்லாம் கண்டுபிடித்தது யார்? யாருக்கும் தெரியாது. யாரும் காசு வாங்கவில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்து அடுத்த திண்ணைக்குப் போயிற்று. லேஸ் அட்டைகூட அப்படித்தான், பழைய அட்டையைப் புது அட்டை மேல் வைத்துக் குத்தி எடுத்துக்கொள்வார்கள். எல்லோரும் விலை வைத்திருந்தால் ஏழைப் பெண்களுக்கு இந்தக் கலை போய்ச் சேர்ந்தே இருக்காது.

உண்மைதான். ஆனால் திண்ணையில் நடந்ததைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். சிவன் கண் காட்டிக் கொடுத்தவளுக்கு மறுநாள் முறுக்கு வந்தது. அவள் மகள் கல்யாணத்துக்கு இவள் ஒரு வாரம் முன்பே வந்து உட்கார்ந்து பூ கட்டினாள். உருண்டை மாறாமல் குரோஷா போடக் கற்றவள் அந்த வீட்டுப் பேத்திக்கு ஒரு தொப்பி போட்டுக் கொடுத்தாள். காசு கைமாறவில்லையே தவிரக் கணக்கு நேராகிக்கொண்டே இருந்தது. யாரிடம் கற்றாள் என்று ஊருக்கே தெரியும், "இது அவ சொல்லிக் குடுத்தது" என்று சொல்லவும் செய்வாள்.

இருநூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில், ஒருத்தி காசு கொடுத்து வாங்கிய பிடிஎஃப்பை எழுதியவள் பெயரை வெட்டிவிட்டுத் தட்டிவிடுவது எந்தத் திண்ணையில் சேர்த்தி? எழுதியவளுக்கு முறுக்கு வராது. அவள் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் போகப் போவதில்லை. கொடுக்கல் வாங்கலில் வாங்கல் மட்டும் மிச்சம்.

சட்டமும் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஒரு முடிச்சுக்கோ, ஒரு தையல் முறைக்கோ, அளவெடுக்கும் உத்திக்கோ யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது. அவை பொதுச் சொத்து. ஆனால் ஒருவர் எழுதிய குறிப்புக்கும் வரைந்த படத்துக்கும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அவருக்கு உரிமை உண்டு. பார்த்துப் புரிந்துகொண்டு சொந்தமாக வரைந்து தைத்தால் கேட்க ஆளில்லை. கோப்பை அப்படியே நகலெடுத்து ஊருக்கு அனுப்புவதுதான் திருட்டு.

வடிவம் ஒரு சொத்து என்பது நெல்லைக்கு நன்றாகத் தெரிந்த விஷயமும்கூட. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு 2023-இல் அதே குறியீடு கிடைத்தது. சேலையில் செடியும் பூவுமாக வருகிற அந்தப் புட்டா வேலை இந்த ஊர்த் தறிக்காரர்களுடையது, வேறு ஊரில் நெய்துவிட்டு அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஊரே கொண்டாடியது. ஓர் ஊரின் வடிவம் சொத்து என்று ஒத்துக்கொள்கிறவர்கள், ஒரு பெண் உட்கார்ந்து யோசித்த வடிவத்தை மட்டும் ஏன் சும்மா கேட்கிறார்கள்?

வாங்குகிறவர்களுக்கு நாலு வார்த்தை

காசு கொடுக்க வேண்டும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக் கூடாது. ஏமாற்றும் நிறைய இருக்கிறது.

1. படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கடந்த சில ஆண்டுகளாகச் செயற்கை நுண்ணறிவு வரைந்த குரோஷா பொம்மைப் படங்களைப் போட்டு, பின்னவே முடியாத பேட்டர்ன்களை இணையச் சந்தைகளில் விற்கிறார்கள். படம் மெழுகு மாதிரி வழவழப்பாக இருக்கும், உற்றுப் பார்த்தால் கண்ணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது. வேறு ஆட்கள் பின்னிப் போட்ட படம் இருக்கிறதா என்று பாருங்கள். 2007-இல் தொடங்கிய ராவெல்ரி போன்ற தளங்களில், வாங்கியவர்கள் தாங்கள் பின்னியதைப் படத்தோடு பதிகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வாங்கினால் தப்பில்லை.

2. நூல் கணக்கு இல்லாத பின்னல் பேட்டர்னை வாங்காதீர்கள். நாலு அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று சொல்லாத பேட்டர்ன், உப்பு எவ்வளவு என்று சொல்லாத சமையல் குறிப்பு மாதிரி.

3. இங்கே கிடைக்காத நூலுக்கு எழுதிய பேட்டர்னை யோசித்து வாங்குங்கள். நெல்லை வெயிலுக்கு மெரினோ கம்பளி எதற்கு? பருத்தி நூலில் பின்னினால் எடை கூடும், தொங்கும், அளவு மாறும். கொஞ்சம் கணக்குத் தெரிந்தவர்கள் எலிசபெத் சிம்மர்மன் 1971-இல் எழுதிய "நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்" புத்தகத்தைத் தேடிப் படிக்கலாம். தன் கைக்கு வருகிற கண்ணியை எண்ணித் தானே கணக்குப் போட்டுப் பின்னச் சொல்கிற புத்தகம் அது. அடிமை மாதிரி பேட்டர்னைப் பின்பற்றாதே என்று சொன்ன அவரும் பேட்டர்ன் எழுதி விற்றுத்தான் பிழைத்தார்.

4. நேர்த் தையல் மட்டுமே உள்ள தலையணை உறை, துணிப்பை, திரைச்சீலை, பாவாடை இதற்கெல்லாம் பேட்டர்ன் வாங்குவது வெட்டிச் செலவு. டேப்பும் சாக்பீஸும் போதும். பிளவுஸ் பற்றி மேலே சொல்லியாயிற்று. கோட்டு, காலர் வைத்த சட்டை, ஃபிரில் கவுன், பூ வேலை உள்ள குரோஷா, கை வைத்த ஸ்வெட்டர் இதற்கெல்லாம் வாங்கலாம். யோசனை எவ்வளவு போயிருக்கிறதோ அவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் அளவுகோல்.

5. காசு இல்லையா? அதில் வெட்கமே இல்லை. இலவசமாக என்றே கொடுத்திருக்கிற பேட்டர்ன்கள் ஏராளம். நாலு தோழிகள் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். விற்கிறவளுக்கே எழுதிக் கேட்டால் பல பேர் குறைத்துக் கொடுப்பார்கள். கேட்காமல் எடுப்பதும் எடுத்துவிட்டுச் சிரிப்பதும்தான் கூடாது.

கடைசியாக ஒரு கேள்வி. டவுன் ரதவீதியில் நூல் கடைக்காரர் ஓர் உருண்டைக்குச் சொல்கிற விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள். மிஷின் ரிப்பேர் பார்ப்பவர் கேட்டதைக் கொடுக்கிறார்கள். வெட்டிய துணியைத் தைக்கிற டெய்லர் லைனிங்குக்கு இவ்வளவு, பைப்பிங்குக்கு இவ்வளவு என்று அடுக்குகிறார், அதையும் கொடுக்கிறார்கள். இந்த வரிசையில் ஒரே ஓர் ஆளிடம் மட்டும் "உனக்கு எதுக்கு?" என்று கேட்கிறார்கள். அவள் வீட்டுக்குள் இருக்கிறாள், அவள் செய்தது கண்ணுக்குத் தெரியவில்லை என்பதைத் தவிர வேறு ஒரு காரணம் இருந்தால், சிரிக்கிறவர்கள் பின்னூட்டத்தில் சொல்லட்டும்.